விண்ணப்பத்தில் ஒரு 'நான்'

தாயின் துன்பத்தை எழுதிக் காட்டி ஒரு மாணவி கல்லூரியில் இடம் கேட்கலாமா? இவ்வினா சிலருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். கூலியும் காணியும் வீடும் இன்னும் தீராத வழக்குகளாகக் கிடக்கும் மலைநாட்டில், ஒரு விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பப்படும் ஒரு பக்கக் கட்டுரையைப் பற்றியா விசாரம் செய்வது என்று கேட்பாரும் உளர். ஆயினும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பிக்கும் நம் நண்பர்கள் இதனை இப்போது எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. மாணவி ஒருத்தி இரண்டு தாள்களை நீட்டி, "இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்க, டீச்சர்" என்கிறாள். திருத்த வேண்டியது இலக்கணத்தையா, வாழ்க்கையையா என்று ஆசிரியை திகைக்கிறாள். அத்திகைப்பில் ஓர் அறநெறிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. அதனை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

இலங்கையின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய கட்டுரையைக் கொண்டு மாணவரைத் தெரிவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு, 2001 முதல் வழங்கிவரும் இசட் புள்ளி, மாணவர் பயின்ற மாவட்டம் ஆகியவற்றையே பெரும்பாலும் கணக்கில் கொள்கின்றன. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பதினாறில் அடங்கும். இம்முறை குறையற்றது என்று நாம் வாதாட முன்வரவில்லை. மாவட்டம் என்னும் அலகுக்கு லயத்தைப் பார்க்கும் கண் கிடையாது. நகரத்துக் கடைத்தெருவில் செழிப்பாக வாழும் வீட்டுப் பிள்ளையும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐவரோடு அறுவராக உறங்கும் பிள்ளையும் அதன் கணக்கில் ஒரே மாவட்டத்தார். விஞ்ஞான பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையும், எல்லாம் உள்ள பாடசாலையும் அதன் முன் ஒன்றே.

எனினும் அம்முறையில் நாம் மதிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. ஒரு பகுதி பின்தங்கியிருக்கிறது என்பதைச் சமுதாயத்தின் உண்மையாக அது ஏற்றுக்கொள்கிறது. அவ்வுண்மையை நிரூபிக்கும் பொறுப்பைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் அது சுமத்துவதில்லை. 'உன் கூரை ஒழுகியதா? எத்தனை நாள் பட்டினி கிடந்தாய்? அப்போது உன் உள்ளம் என்ன பாடுபட்டது?' என்று அது கேட்பதில்லை. பரீட்சைத் தாளில் அவள் ஒரு சுட்டெண் மட்டுமே. சுட்டெண் என்பது மனிதரை இலக்கமாக்குவது என்று கடிந்து பேசுவது வழக்கம். நாமும் அவ்வாறு பேசியதுண்டு. ஆனால் அந்தரங்கம் உள்ள மனிதருக்குச் சுட்டெண் சில வேளைகளில் போர்வையாகவும் இருக்கிறது.

கட்டுரை கேட்பது வேறு வாசல்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும், அங்கு செல்வதற்குப் பணம் தரும் நிதியங்களும், உள்நாட்டில் இயங்கும் சில புலமைப்பரிசில் திட்டங்களும் 'உன்னைப் பற்றி எழுது' என்கின்றன. வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் 2008இல் தொடங்கிய ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் இலங்கைப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண்களுக்கும் அது இடமளித்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவமொன்று உண்டு. அதில் விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரைக்கு 650 சொற்கள் எல்லை. கொழும்பின் சர்வதேசப் பாடசாலைகளில் அந்த 650 சொற்களை எழுதுவிப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இன்றோ கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. தோட்டத்துப் பெண்ணுக்கு ஆலோசகர் இல்லை. அவளிடம் இருப்பதாகச் சொல்லப்படுவது அவளுடைய 'கதை' மாத்திரமே. 'உனக்கு நல்ல கதை இருக்கிறது, எழுது' என்று அவளை ஊக்குவிப்போர் நல்லெண்ணம் கொண்டவர்களே. அந்தச் சொல்லைச் சற்றே கவனிக்க வேண்டும். வறுமை எப்போது 'நல்ல கதை' ஆயிற்று?

இப்படிவத்தின் பிறப்பை அறிந்தவர்கள் அதனிடம் பயபக்தி கொள்ள மாட்டார்கள். முதலாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களில் பரீட்சையில் தேறியோரை ஏறக்குறைய அப்படியே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. குடியேறிவந்த யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் பரீட்சையில் தேறினார்கள். 1922 அளவில் ஹார்வர்டின் புதிய மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். அப்போது அதன் தலைவராயிருந்த லொவெல் அதனைக் குறைக்க விரும்பினார். வெளிப்படையான வீதக் கட்டுப்பாட்டை அவர் முன்வைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வேறு வழி கண்டார்கள். புகைப்படம், தந்தையின் பிறப்பிடம், சிபாரிசுக் கடிதம், குணநலம், ஆளுமை ஆகியன ஹார்வர்டிலும் யேலிலும் பிரின்ஸ்டனிலும் 1920களில் அனுமதியின் அங்கங்களாயின. பரீட்சைத் தாளால் தடுக்க முடியாதவர்களை 'ஆளுமை' தடுத்தது. தன்னைப் பற்றி எழுது என்னும் கோரிக்கைக்கு அந்த நாட்களிலேயே வேர் ஓடியிருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து அதே கட்டுரை எதிர்ப்புறமாகவும் பயன்படத் தொடங்கியிருப்பது சரித்திரத்தின் விசித்திரம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுமதியில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையைச் சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. ஆயினும், இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று ஒரு மாணவன் தானே எழுதினால், அவனுடைய தனிப்பட்ட குணத்தோடும் ஆற்றலோடும் தொடர்புபடுத்தி அதனைக் கவனிப்பதற்குத் தடையில்லை என்றும் தீர்ப்பில் கூறப்பட்டது. இதன் பொருள் யாது? சமுதாயம் கூட்டாகச் செய்த அநீதியைச் சமுதாயம் கூட்டாகக் கணக்கிட்டு ஈடுசெய்ய முற்பட்ட வழி அடைபட்டது. அநீதிக்குட்பட்டவன் ஒவ்வொருவனும் தனித்தனியே வந்து, தன் காயத்தை அழகிய நடையில் விவரித்து, 'இது என் குணத்தை உயர்த்தியது' என்று முடித்தால் கதவு திறக்கலாம். முன்பு உரிமையாகக் கிடைத்தது இப்போது வாக்குமூலத்துக்குக் கிடைக்கும் பரிசாகிவிட்டது.

மலைநாட்டு மக்களுக்கு இது புதிதன்று. அவர்களுடைய சரித்திரமே ஒருவகையில் காகிதங்களின் சரித்திரம். தென்னிந்தியாவிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறியவர்களைப் பற்றித் தோட்டங்களில் எழுதப்பட்ட காகிதங்களில் மிகவும் பேர்போனது 'துண்டு'. அதில் எழுதப்பட்டிருந்தது கடன். இத்தனை ஆட்களின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்துத் துரை அடுத்த தோட்டத்துத் துரைக்கு எழுதிய சீட்டு அது. ஆளின் பெயர், ஊர், திறமை, விருப்பம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

பின்னர் வந்த காகிதம் விண்ணப்பம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் ஒரு வாசலைக் காட்டியது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்ட்டில் காலக்கெடு முடிந்தபோது, ஏறத்தாழ எட்டேகால் லட்சம் மக்களுக்காகச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. ஏற்கப்பட்டோர் தொகை 1,34,000 அளவிலேயே நின்றது. எழுத்தறியாத மனிதர்கள் சங்கக் காரியாலயங்களிலும் கடை வாசல்களிலும் உட்கார்ந்து, தம் வாழ்வை மற்றொருவர் கையால் எழுதுவித்தார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை பிள்ளை என்றெல்லாம் சொன்னார்கள். இடையே இந்தியாவில் நீண்ட காலம் தங்கியிருந்தால் 'தொடர்ச்சி' அறுந்ததென்று வாதம் எழுந்தது. சாகக் கிடந்த தகப்பனைப் பார்க்கப் போனது உத்தியோகத்தரின் பத்திரத்தில் ஒரு குறையாக நின்றது. வாழ்க்கை படிவத்துக்குப் பொருந்தாதபோது வாழ்க்கையே தவறென்று தீர்க்கப்பட்டது. 1964இல் இரண்டு பிரதம மந்திரிகள் இம்மக்களை எண்ணிப் பங்கிட்டபோது, விண்ணப்பம் எழுதியவர்களை எவரும் கேட்கவில்லை. மிஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இந்தப் பாட்டன்மாரின் பேத்திதான் இன்று 650 சொற்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டனுடைய விண்ணப்பத்துக்கும் பேத்தியுடைய விண்ணப்பத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பாட்டன் தான் மற்றவர்களைப் போன்றவன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்நாட்டில் வாழ்ந்த எல்லோரையும் போல நானும் இங்கே வாழ்ந்தேன், ஆகையால் எனக்கும் உரிமை உண்டு என்பதே அவன் வாதம். பேத்தியோ தான் மற்றவர்களைப் போன்றவள் அல்லள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய கட்டுரை எப்படி இருக்கவேண்டும் என்று வழிகாட்டுவோர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். முதலில் இருள், ஒழுகும் லயம், அட்டை கடித்த கால், குடிகாரத் தந்தை. பின்பு ஒரு பொறி. ஒரு புத்தகம், ஓர் ஆசிரியர். அதன்பின் விடாமுயற்சி. இறுதியில் ஒளி. அந்த ஒளியில் நிற்பவள் அவள் ஒருத்தியே. அவள் எழ வேண்டுமானால் லயம் முழுவதும் விழுந்தே கிடக்க வேண்டும். அவளுடைய திறமை பிரகாசிக்க வேண்டுமானால் அயலவர் மந்தமாகத் தெரிய வேண்டும். சொல்லாமல் சொல்லப்படும் பொய் இங்கேதான் இருக்கிறது. கூரை ஒழுகியது என்பதில் பொய் இல்லை.

அவள் உயர்தர வகுப்புக்கு எப்படி வந்தாள் என்று கணக்கெடுப்போம். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. அதன் பயனாக எழுந்தவை பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வகுப்புகள் என்ற அளவினவே. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகி, பாடசாலைகளும் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கிய பின்பே நிலை அசைந்தது. அதற்குப் பின்னால் ஆசிரியர்களின் கிளர்ச்சியும் தொழிற்சங்கங்களின் போராட்டமும் இருந்தன. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி தோன்றி, தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துக்கு ஆசிரியர்களாகத் திரும்பும் வழி பிறந்தது. இவையெல்லாம் 'நான்' என்னும் சொல்லுக்குள் அடங்குமா?

வீட்டுக்குள் வருவோம். தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளை படிப்பதற்காக இன்னொரு பிள்ளை படிப்பை விட்டிருக்கும். மூத்தவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்பான். அல்லது அக்கா ஒரு வீட்டில் பாத்திரம் துலக்குவாள். மாதந்தோறும் வரும் பணத்தில் இளையவளுக்குப் பாடக் கொப்பியும் ரியூஷன் காசும் கட்டப்படும். அந்த அக்கா மந்தமானவள் அல்லள். ஒருவேளை இவளைவிடக் கெட்டிக்காரியாகவும் இருந்திருக்கலாம். கட்டுரையில் அவளுக்கு இடமில்லை. எழுதினால் அவள் 'பின்னணி' ஆகிறாள். எழுதாவிட்டால் இல்லாமற் போகிறாள். திறமையும் முயற்சியும் இருந்தால் எவரும் உயரலாம் என்ற கொள்கைக்கு மிகப் பெரிய மறுப்பு அந்த அக்காதான். ஆகையால்தான் அக்கொள்கையில் பிறந்த படிவம் அவளை ஏற்க மறுக்கிறது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். அவருடைய வாதத்தை நாம் மதிக்கிறோம். 'பணக்கார வீட்டுப் பிள்ளை தன் வயலினையும் நீச்சற் குளத்தையும் எழுதுகிறது. கோடைவிடுமுறையில் ஏழை நாட்டுக்கு வந்து பத்து நாள் சேவை செய்ததை எழுதுகிறது. அவற்றையெல்லாம் விற்கலாம், லயத்து மழையை மட்டும் விற்கக்கூடாதா? பசித்தவளுக்கு மட்டுமா உங்கள் அறநெறி? கிடைக்கும் ஒரே ஏணியில் ஏறுகிறாள், ஏறட்டும். உள்ளே போனபின் உண்மையைப் பேசலாம்.' இவ்வாறு அவர் கூறுவார். ஏணியை எட்டி உதைக்கும்படி நாமும் சொல்லவில்லை. குற்றம் கேட்பவர் மீதே தவிர எழுதுபவள் மீது இல்லை என்பதில் நமக்கு ஐயமே கிடையாது. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகக் கத்தி, 2021இல் வர்த்தமானி மூலம் அதனைப் பெற்ற மக்கள். 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆயிற்று. இந்தக் கூலியில் வெளிநாட்டுக் கல்விக்குச் சேமித்து அனுப்பு என்று எந்த ஞானி சொல்வான்?

ஆனால் நண்பரின் வாதம் ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. வயலினை எழுதும் பிள்ளை தன்னுடையதை எழுதுகிறது. மழையை எழுதும் பிள்ளை தாயினுடையதையும் சேர்த்து எழுதுகிறது. தந்தை குடித்துவிட்டு அடித்த இரவு அவளுடைய அனுபவமே; அடி வாங்கியவள் தாய். எந்த அயலாரிடமும் அத்தாய் வாய் திறவாமல் காத்த மானத்தை, கண்ணுக்குத் தெரியாத ஐந்தாறு பேர் படிக்கும்படி மகள் எழுதி அனுப்புகிறாள். மேலும், எழுதும்போது அவள் தன் வீட்டைத் தன் கண்ணால் பார்ப்பதில்லை. போஸ்டனிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் எதைக் கண்டு உருகுவார் என்று எண்ணி, அவருடைய கண்ணால் பார்க்கிறாள். உருகாதவற்றை விட்டுவிடுகிறாள். பதினெட்டு வயதில் கற்ற இந்தப் பார்வை பிற்காலத்தில் அவ்வளவு எளிதில் மறக்கப்படுவதில்லை. உள்ளே போனபின் உண்மையைப் பேசலாம் என்கிறார் நண்பர். உள்ளே போகும்போது பழகிய குரலே உள்ளேயும் பேசும் என்பது நமது அச்சம்.

இது கற்பனை அச்சமன்று. மேரிலாந்தின் அடிமை வாழ்விலிருந்து 1838இல் தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ், 1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசத் தொடங்கினார். அவரை மேடையேற்றியவர்கள் உத்தமமான வெள்ளையர்கள். ஆயினும் சிறிது காலத்தில் ஒரு சங்கடம் முளைத்தது. அவர் தாம் பட்டதைச் சொன்னால் போதும், அதன் பொருளையும் தத்துவத்தையும் தாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய விருப்பம். அவர் நன்றாகப் பேசப் பேச, இவர் உண்மையிலேயே அடிமையாக இருந்தவர்தானா என்று சபையோர் ஐயுற்றார்கள். தோட்டத்து அடிமையின் கொச்சை பேச்சில் கொஞ்சம் இருக்கட்டும் என்று நண்பர்களே யோசனை சொன்னார்கள். டக்ளஸ் இதனை 1855இல் வெளியிட்ட தம் இரண்டாம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். அவருக்குச் சிந்திப்பதே வேலையாயிருந்தது. தம் முதுகுத் தழும்பை ஒவ்வோர் ஊரிலும் காட்டிவிட்டு இறங்கிவிட அவர் சம்மதிக்கவில்லை.

தழும்பு உன்னுடையது, தத்துவம் எங்களுடையது என்னும் இந்தப் பங்கீட்டைத்தான் இன்றைய கட்டுரைப் படிவத்திலும் நாம் காண்கிறோம். தோட்டத்து மாணவியிடம் துயரம் எதிர்பார்க்கப்படுகிறது, ஆராய்ச்சி எதிர்பார்க்கப்படுவதில்லை.

அப்படியானால் தோட்டத்தைப் பற்றி எழுதாமலே விட்டுவிடலாமா? சில மாணவர் அவ்வாறு செய்கிறார்கள். தோட்டத்தின் பெயரை மறைத்து, அருகிலுள்ள நகரத்தின் பெயரை முகவரியாக எழுதும் வழக்கம் நாம் அறியாததன்று. பேராதனையிலும் கொழும்பிலும் 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு 'ஹட்டன்' என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றும் இளைஞரை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள்மேல் கோபம் கொள்ள நமக்கு உரிமையில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற வசையை வாங்கிய செவிகள் அவை. எனினும் மௌனத்தை நேர்மையென்று சொல்லவும் இயலாது. துன்பத்தைக் கடைபரப்புவதும் துன்பத்தைக் கண்டு வெட்கி ஒளிவதும் ஒரே பார்வையின் இரண்டு விளைவுகள். இரண்டிலும் லயம் இழிவான இடமாகவே இருக்கிறது.

நமக்குத் தெரிந்தவரை, லயத்தில் துன்பம் மட்டும் இருந்ததில்லை. அங்கே அறிவும் இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்ததை எந்த ஆலோசகரும் மாணவியிடம் கேட்பதில்லை. ஒரு மலையை எத்தனை நாளுக்கொருமுறை சுற்றி எடுக்க வேண்டும், நாள் தவறினால் கொழுந்து முற்றி எவ்வாறு கெடும், கவ்வாத்துக்குப் பின் செடி எப்போது மட்டத்துக்கு வரும், ஜனவரி பெப்ரவரிப் பனியில் நுவரெலியாப் பக்கத்து மலைகள் எவ்வாறு கருகும் என்பதெல்லாம் அவள் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். கணக்கும் தெரியும். நிறுக்கும் இடத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கும் கிலோ எத்தனை, அது மாதத்தில் எவ்வளவு, வருடத்தில் எவ்வளவு என்று தாயும் மகளும் இரவில் கணக்குப் பார்த்த வீடுகள் உண்டு. கூலி ஆயிரமானபோது நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய நிறை கூட்டப்பட்டதென்று தொழிலாளர் முறையிட்டார்களே, அந்த முறையீட்டில் ஒரு பொருளாதாரப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு மாணவி அந்தக் கணக்கை 650 சொற்களில் எழுதட்டும். கண்ணீர் ஒரு துளி வேண்டாம். படிப்பவர் அவளை இரக்கத்தோடு பார்க்க முடியாது. தன் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பையைச் சற்றுச் சங்கடத்தோடு பார்ப்பார். அந்தக் கட்டுரைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டால் நாம் உத்தரவாதம் தர மாட்டோம். சில குழுக்கள் அதனை வரவேற்கும். சிலவற்றுக்குப் 'போதிய உணர்ச்சி' இராது.

'நான்' என்ற சொல்லை விலக்கி எழுத முடியாது என்பதும் உண்மையே. விண்ணப்பம் ஓர் ஆளுக்குரியது. ஆனால் 'நாம்' என்பதை நன்கு அறிந்த ஒரு 'நான்' எழுத்தில் சாத்தியம். பூண்டுலோயாவுக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே அவரை அனுப்பிய மக்களின் உரிமை பறிபோயிற்று. அவர் ஆங்கிலத்தில் எழுத வல்லவர். தோட்டத்திலிருந்து பாராளுமன்றம் வரை ஏறியவன் என்று தம் கதையை எழுதினால் கேட்பாருக்குக் குறைவிருந்திராது. 1950களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நெடுங்கவிதையில் முன்னால் நிற்பவர்கள் கொழுந்தெடுக்கும் கூட்டத்தார். பின்னாளில் அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 2023இல் மலையகத்துக்கு இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து சென்றதும் அந்த 'நாம்' இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று. அக்காட்சியைக் கண்ட பிள்ளைகளே இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களான நமக்கு இதில் என்ன வேலை? கட்டுரையைத் திருத்தித் தரும்போது 'இன்னும் கொஞ்சம் உருக்கமாக எழுது' என்று சொல்லாதிருப்பது முதல் வேலை. அக்காவுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கச் சொல்வது அடுத்தது. மூன்றாவது சற்றே கடினமானது. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். தாய் அதைப் படித்தறிய மாட்டாள். அனுப்புவதற்கு முன் அதனைத் தமிழில் தாய்க்கு வாசித்துக் காட்டும்படி மாணவியிடம் சொல்ல வேண்டும். வாசிக்கக் கூசுகிறது என்று அவள் சொன்னால், கூசும் வரி எதுவென்று கேட்க வேண்டும். தாய் ஒன்றும் சொல்லாமலிருக்கலாம். "இதை ஏம்மா எழுதுன, மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைக்கும்?" என்றும் கேட்கலாம். அல்லது மகள் நினையாத ஒன்றைச் சொல்லலாம். கணக்கப்பிள்ளையோடு நிறைக்காகச் சண்டையிட்ட நாளை, பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தை காய்ச்சலில் கிடக்க மலைக்குப் போன நாளை, சங்கத்துக் கூட்டத்தில் முதன்முதல் எழுந்து பேசிய நாளை. தாய் எடுக்கச் சொல்லும் வரியை எடுத்தே ஆக வேண்டும். அவ்வரியால்தான் இடம் கிடைக்குமென்றாலுமா என்று கேட்பீர்கள். ஆம், அப்போதும்தான். மகள் எழுதினாலும் அது தாயின் பொருள். தன் பொருளைக் கொடுக்கவும் மறுக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. தோட்டத்தில் அவளுக்கு மறுக்கப்பட்ட பல உரிமைகளோடு இதனையும் சேர்த்துப் பறிப்பதற்கு, அவள் பெற்ற மகளே கருவியாக வேண்டாம்.

எடுத்த வரியின் இடத்தை என்ன கொண்டு நிரப்புவது? தோட்டத்து மொழியில் 'பேர்' என்றொரு சொல் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் வேலை என்று பொருள். குறித்த நிறை கொழுந்தெடுத்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். காலை முதல் மலையில் நின்றவளுக்கு, மாலையில் தராசு பார்த்துப் பாதிப் பெயர் எழுதப்படும். இச்சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மாணவி ஆசிரியையிடம் வந்து கேட்பாள். ஒரு சொல்லில் முடியாது. விளக்கத்துக்கு ஐம்பது அறுபது சொற்களாவது செலவாகும். 650இல் அவ்வளவையும் அதற்கே செலவிடச் சொல்லலாம்.